பள்ளிக்கூட வேலியும் ஓரின் ஹாக்லண்டின் சட்டமும்

ஓரின் ஹாக்லண்டை மாநிலச் சட்டசபைக்கு அனுப்பியது கட்சியும் இல்லை, கொள்கையும் இல்லை. பழைய உறுப்பினர் தானியக் கொட்டகையின் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அவர் இடத்துக்கு யார் நிற்பது என்று பென்ரூட் ஊர்க் காபிக்கடையில் பேச்சு வந்தபோது ஆளாளுக்கு "என்னால முடியாதுப்பா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார்கள். ஓரினும் சொன்னார். அவர் குரல் யார் காதிலும் விழவில்லை.

எதையும் சத்தமாகச் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். அப்பா விட்டுப்போன கோதுமை நிலத்தை உழுதுகொண்டு, காலையிலும் மாலையிலும் பள்ளிக்கூடப் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை லூத்தரன் கோவிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுந்து வருவார். அவருக்கும் சேர்த்துப் பேச மனைவி ஆர்டிஸ் இருந்தாள். ஊரில் இருந்த ஒரே பள்ளிக்கூடத்துக்கு அவள்தான் தலைமை ஆசிரியை. கணக்குப் பாடமும் அவள்தான் எடுப்பாள். தேர்தலில் அவள் ஒரு கட்சிக்குப் போடுவாள், ஓரின் இன்னொன்றுக்குப் போடுவார். ஒருவர் ஓட்டை மற்றவர் ஓட்டு அழித்துவிடும் என்று தெரிந்தும் கல்யாணமான நாளிலிருந்து இருவரும் ஒரே வண்டியில் போய்ப் போட்டுவிட்டு, திரும்பும் வழியில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வருவார்கள்.

அந்த வருஷம் ஊர் கொதித்துக்கொண்டிருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி கொண்டுபோகக் கூடாது, மீறினால் ஐந்து வருஷம் வரை ஜெயில் என்று வாஷிங்டனில் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். பெரிய நகரத்துக்கு அது பொருந்தலாம். பென்ரூட்டில் பள்ளிக்கூடம் ஊருக்கு நட்ட நடுவில் இருக்கிறது. ஆயிரம் அடிக்கு வட்டம் போட்டால் காபிக்கடை, தபாலாபீஸ், கோவில், தானியக் கிடங்கு எல்லாம் உள்ளே வந்துவிடும். மலைப்பக்கம் வேட்டைக்குப் போகிற ஒரே சாலையும் பள்ளி வாசல் வழியாகத்தான். மான் வேட்டைப் பருவத்தில் எந்தப் பிக்கப் வண்டியைப் பார்த்தாலும் இருக்கைக்குப் பின்னால் கண்ணாடியோரம் ஒரு ரைஃபிள் தொங்கும். அப்படி ஒரு சட்டம் இருப்பதே வெகுநாள் யாருக்கும் தெரியாது.

ஒரு அக்டோபரில் வேறு ஏதோ வேலையாக வந்த மத்திய அரசு அதிகாரி ஒருவன் காபிக்கடையில் உட்கார்ந்து, ஆப்பிள் வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் தின்றான். ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "இந்தத் தெருவுல வண்டி நிறுத்தியிருக்கிற எல்லாரையும் நான் இப்பவே உள்ள தள்ளலாம், தெரியுமா?" என்றான். பிறகு எழுந்து போய்விட்டான். அவன் விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பான். ஊர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

"நம்ம ஆப்பிள் பையைத் தின்னுட்டு நம்மளையே உள்ள தள்ளுவேங்கிறான்!" என்றார் ஊரின் போலீஸ் அதிகாரி ஷெரிஃப் வெர்ன் கியோஸ். அவருடைய சொந்த வண்டியும் அந்தத் தெருவில்தான் நின்றது, துப்பாக்கியோடு. அன்றைக்கே முடிவாயிற்று: ஓரின் மாநிலத் தலைநகரம் ஹெலனாவுக்குப் போக வேண்டும், இதற்கு ஒரு வழி பண்ண வேண்டும்.

எதிர்த்து நின்றவருக்கு அவர் சொந்தக்காரர்களே ஓட்டுப் போடவில்லை. ஓரின் ஜெயித்தார். சட்டசபை ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம், பனிக்காலத்தில் கூடும். வெர்னின் மனைவி பஸ்ஸை ஓட்ட ஒத்துக்கொண்டாள். ஓரின் இரண்டு கோட்டுகளை மடித்து வைத்துக்கொண்டு தலைநகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே அவருக்கு உதவிய வக்கீல் ஒருவர் நல்ல யோசனை சொன்னார். மாநிலத்தில் உரிமம் வாங்கியவர்களை வாஷிங்டன் சட்டம் தொடாது, அப்படி ஒரு விலக்கு அதிலேயே இருக்கிறது. அப்படியென்றால், குற்றம் எதுவும் செய்யாத பெரியவர்கள் எல்லாரும் இந்த மாநிலத்தில் உரிமம் பெற்றவர்களாகவே கருதப்படுவார்கள் என்று நாமே ஒரு சட்டம் போட்டுவிட்டால்? அவர்கள் வைத்த வாசல் வழியாகவே நாம் வெளியே வந்துவிடலாம்.

ஓரினுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று மாலையே வீட்டுக்குப் போன் போட்டு மசோதாவைப் படித்துக் காட்டினார்.

மறுமுனையில் ஆர்டிஸ் அதை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். "ரெண்டு வரியில ஊரு மொத்தத்தையும் உரிமக்காரங்களாக்கிட்டியே. அதுல பாதிப் பேரு எங்கிட்டப் படிச்சவங்க. சில பேரு கையில கூர்சீவுன பென்சிலைக் குடுக்கவே நான் யோசிப்பேன்."

"இது வாஷிங்டனுக்கு எதிரா, ஆர்டிஸ்."

"வாஷிங்டன் எங்க ஸ்கூல் வேலிக்குப் பக்கத்துல இல்ல ஓரின். வேலிக்குப் பக்கத்துல இருக்கிறது நம்ம ஆளுங்க."

"நம்ம ஆளுங்களை எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும். அதனாலதான் சொல்றேன்."

பிப்ரவரியில் மசோதா குழு விசாரணைக்கு வந்தது. வேட்டைக்காரர்கள் சிலர் ஆதரித்துப் பேசினார்கள். எதிர்த்துப் பேசுபவர்கள் வரலாம் என்று தலைவர் சொன்னதும் பின்வரிசையில் ஒரு பச்சைக் கோட்டு எழுந்தது. ஓரினுக்கு அந்தக் கோட்டைத் தெரியும். போன கிறிஸ்துமஸுக்கு அவர் வாங்கிக் கொடுத்தது. ஆசிரியர் சங்கம் கூப்பிட்டதும் பனியில் அரை நாள் வண்டி ஓட்டிக்கொண்டு ஆர்டிஸ் வந்திருந்தாள். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் வகுப்பில் பேசுவது போலவே பேசினாள். "ஆயிரம் அடின்னு வெச்சது முட்டாள்தனம், அதை நான் ஒத்துக்கறேன். எங்க ஊருல கோவிலுக்குப் போறவன்கூட அதுல குற்றவாளி. ஆனா என் வேலியோரமா ஒருத்தன் துப்பாக்கியோட வந்து நின்னா, தள்ளிப் போன்னு சொல்ல எனக்கு ஏதாவது ஒண்ணு வேணும். இந்த மசோதா அதையும் சேர்த்து அள்ளிட்டுப் போகுது. முட்டாள்தனத்தை மட்டும் எடுங்க, மிச்சத்தை எனக்கு விடுங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றி அவள் பெயரை மறுபடி பார்த்தார். "மசோதா கொண்டுவந்த உறுப்பினர் பேரும் ஹாக்லண்டுதான். உங்களுக்கு அவரைத் தெரியுமாம்மா?"

"ஓரளவுக்குத் தெரியும். முப்பது வருஷமா ராத்திரிச் சாப்பாடு நான்தான் போடுறேன். இன்னைக்கும் கொண்டுவந்திருக்கேன், வண்டியில இருக்கு."

அறை முழுக்கச் சிரித்தது. தலைவரும் சிரித்துவிட்டு, "உறுப்பினர் பதில் சொல்லணும்னு ஆசைப்படறாரா?" என்று கேட்டார்.

காது சிவக்க ஓரின் எழுந்தார். "சொல்றேன். அதுக்கு முன்னால வண்டியில இருக்கிற சாப்பாடு என்னன்னு தெரிஞ்சா நல்லாருக்கும்."

அது மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ். ஓரின் தங்கியிருந்த அறையின் சின்ன அடுப்பில் சூடாக்கி, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டார்கள். மசோதா பெரும்பான்மையோடு குழுவைத் தாண்டியிருந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்ததால் ஆர்டிஸ் அன்று திரும்பவில்லை.

"கோவமா?" என்று கேட்டாள்.

"இல்ல. ஆனா நீ நல்லாப் பேசுன. நான் அப்படிப் பேசியிருந்தா இன்னும் நாலு ஓட்டு கிடைச்சிருக்கும்."

"நீ என் பக்கம் வந்திருந்தா நானே உனக்கு எழுதிக் குடுத்திருப்பேன்."

ஓரின் வாயில் கவளத்தோடு சிரித்து, இருமி, தண்ணீர் குடித்தார்.

சட்டம் நிறைவேறியது, கவர்னர் கையெழுத்துப் போட்டார். ஊர் திரும்பியபோது காபிக்கடையில் அந்த வாரம் முழுக்க ஓரினுக்கு ஆப்பிள் பை இலவசம். தெருவில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திக் கைகொடுத்தார்கள். வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் பேச்சை யாரோ கேட்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு அவருக்கு இனிமையாக இருந்தது. பஸ்ஸை ஓட்டும்போது தானாகச் சீட்டியடித்துக்கொள்வார்.

அடுத்த வருஷம் இலையுதிர் காலத்தில் டெல்மர் ரஸ்ட் என்பவன் தெருவில் இறங்கினான்.

டெல்மர் ரயில்வேயில் ரயிலின் பிரேக்கைக் கவனிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர் வீடு. அந்த வசந்தத்தில்தான் அவன் மனைவி இறந்திருந்தாள். ஒரே மகள் சியாட்டிலில். நாள் முழுக்க ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பான். தூரத்து மாநிலம் ஒன்றில் ஒருவன் பள்ளிக்குள் புகுந்து பிள்ளைகளைச் சுட்ட செய்தியை ரேடியோ திரும்பத் திரும்பச் சொன்னது. ஒரு திங்கட்கிழமை காலை டெல்மர் தொப்பியை மாட்டிக்கொண்டு, இரட்டைக்குழல் துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பள்ளி வேலியோரம் நடைபாதையில் நடக்க ஆரம்பித்தான். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும், பிறகு திரும்பி. குடித்திருக்கவில்லை, யாரையும் மிரட்டவும் இல்லை. பிள்ளைகளைப் பார்த்தால் தொப்பியைத் தூக்கி "காலை வணக்கம்" என்பான்.

ஆர்டிஸ் கோட்டுகூடப் போடாமல் வெளியே வந்தாள். "டெல்மர், வீட்டுக்குப் போ."

"உன் பிள்ளைங்களுக்குத்தான் காவல் நிக்கிறேன் ஆர்டிஸ்."

"நான் கேட்டேனா?"

"கேக்கணும்னு இல்ல. இலவசம்தான்."

ஷெரிஃப் வெர்ன் வந்து பார்த்தார். தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போனார். மாநிலச் சட்டப்படி டெல்மர் உரிமம் பெற்றவன். நடைபாதை பள்ளிக்கூடத்துக்குச் சொந்தமில்லை, பொதுவழி. சில பெற்றோர் டெல்மருக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சிலர் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். இரண்டு கூட்டமும் கோவிலில் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

அன்றிரவுச் சாப்பாட்டில் ஆர்டிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒரே ஒரு தடவை சொல்லிடறேன். அப்புறம் சொல்ல மாட்டேன். நான் அப்பவே சொன்னேன்ல?"

"சொன்ன."

"சரி. பட்டாணியை இப்படித் தள்ளு."

அதற்குப் பிறகு அவள் உண்மையாகவே அதைச் சொல்லவில்லை.

மறுநாள் வெர்ன் ஓரினைக் கிடங்குப் பக்கம் பிடித்தார். "நான் கைவைக்க முடியாது, உன் சட்டம் அப்படி. ஆனா வாஷிங்டன் சட்டம் இன்னும் செத்துப்போகல. நம்மளோடது அவங்க முன்னால நிக்குமான்னு எந்தக் கோர்ட்டும் சொல்லல. கிரேட் ஃபால்ஸுல இருக்கிற மத்திய அரசு ஆபீசுக்கு ஒரு போன் போட்டா ரெண்டு பேரு வந்து அவனைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. போடவா?"

ஓரின் தரையைப் பார்த்தார். "அவன் பொண்டாட்டி போயி இன்னும் வருஷம் திரும்பல. அவனைக் கைவிலங்கு மாட்டிக் கூட்டிட்டுப் போகவா நான் ஹெலனா போனேன்?"

"அப்ப என்னதான் பண்றது?"

"தெரியல வெர்ன்."

வீட்டில் இதைச் சொன்னபோது ஆர்டிஸும் வேண்டாம் என்றாள். "போன் போடணும்னா நானே போட்டிருப்பேன். அவன் அங்க நிக்க வேண்டாம், அவ்வளவுதான். ஜெயிலுக்குப் போகணும்னு யாரு கேட்டா?"

ஓரினை அசைத்தது வேறொன்று. பஸ்ஸில் பிள்ளைகள் போடுகிற கூச்சல் அவருக்குப் பல வருஷப் பழக்கம். கத்துவார்கள், பாடுவார்கள், தொப்பியைப் பிடுங்கி வீசுவார்கள். அந்த வாரம் கிடங்கைத் தாண்டிப் பள்ளித் தெருவுக்குத் திரும்பியவுடன் பஸ் மொத்தமும் வாயடைத்துப்போனது. கண்ணாடியில் பார்த்தார். பாதிப் பேர் ஜன்னலுக்குக் கீழே குனிந்திருந்தார்கள். டெல்மர் வெளியே தொப்பியைத் தூக்கிக்கொண்டிருந்தான். யாரும் பதில் வணக்கம் சொல்லவில்லை. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

அன்று மாலை பஸ்ஸைக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓரின் டெல்மர் வீட்டுக் கதவைத் தட்டினார். டெல்மர் டின்னிலிருந்து சூப்பை நேராகச் சட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: "நீ போட்ட சட்டம்தான். நீயே வந்து நிறுத்தச் சொல்லாத."

"சட்டப்படி நீ சரி. நான் சட்டத்தைப் பத்திப் பேச வரல."

"அப்புறம்?"

"நாளைக்குக் காலையில என்கூடப் பஸ்ஸுல வா. ஒரு சுத்து."

"எதுக்கு?"

"சும்மா வாயேன். காவல்னு சொல்ற, பிள்ளைங்க எங்கெங்க இருந்து வருதுன்னு பாத்திருக்கியா?"

டெல்மர் யோசித்தான். "துப்பாக்கி?"

"பஸ் ஸ்கூலோடது. உள்ள ஆர்டிஸ் வெச்சதுதான் சட்டம். வாஷிங்டனும் இல்ல, ஹெலனாவும் இல்ல."

டெல்மர் முதல்முறையாகச் சிரித்தான். "அந்தச் சட்டத்தை மீறி நீ உயிரோட இருந்துட முடியுமா?"

காலையில் வெறுங்கையோடு வந்தான். ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்தான். இருட்டு விலகுகிற நேரம். ஒவ்வொரு பண்ணை வாசலிலும் ஒன்றும் இரண்டுமாகப் பிள்ளைகள் ஏறினார்கள். முதலில் அவனைப் பார்த்துத் தயங்கினார்கள். பிறகு மறந்துபோய் வழக்கம்போல ஆரம்பித்தார்கள். ஒருவன் தன் நாய் முள்ளம்பன்றியிடம் போய் மூக்கைக் கொடுத்த கதையைச் சொல்ல, டெல்மர் திரும்பி உட்கார்ந்து, "முள்ளை இடுக்கியால எடுத்தீங்களா? வேரோட வரணும், உடையக் கூடாது" என்று வைத்தியம் சொன்னான். பின்னால் யாரோ பாடினார்கள், யாரோ யாரையோ அடித்தார்கள்.

கிடங்கைத் தாண்டி பஸ் திரும்பியது. கூச்சல் சட்டென்று நின்றது. நடைபாதையில் அன்று யாரும் இல்லை. ஆனாலும் பிள்ளைகள் குனிந்தார்கள். நாய்க் கதை சொன்ன பையனும் குனிந்தான்.

டெல்மர் சுற்றிப் பார்த்தான். "என்னாச்சு? ஏன் எல்லாம் அமுங்கிடுச்சு?"

"இந்தத் தெரு வந்தா இப்பல்லாம் இப்படித்தான்," என்றார் ஓரின். பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்தார்.

டெல்மர் கடைசியாக இறங்கினான். நேராக வீட்டுக்குள் போய்விட்டான்.

மறுநாள் காலை தெரு திரும்பியபோது அவன் மறுபடி துப்பாக்கியோடு நின்றான். ஓரின் பஸ்ஸின் வேகத்தைக் குறைத்தார். அருகே வந்த பிறகுதான் கவனித்தார்: நடைபாதையில் இல்லை, தன் வீட்டு முன்தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். சில நாள் அப்படிப் போயிற்று. அந்த வாரக் கடைசியில் முதல் பனி விழுந்தது. திங்கட்கிழமை டெல்மர் பள்ளிக்கூட அலுவலகத்துக்கு வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கையில் வேறெதுவும் இல்லை.

"அந்த மூலையில தானிய லாரிங்க என்னா வேகத்துல திரும்புது பாத்தியா ஆர்டிஸ்? பனி உறைஞ்சா நிக்காது. பிள்ளைங்க குறுக்கால ஓடுது. ரயில்வேயில இப்படி ஒரு கிராசிங்கை ஆள் இல்லாம விட மாட்டாங்க."

ஆர்டிஸ் அவன் கைகளைப் பார்த்தாள். "துப்பாக்கி எங்க?"

"கதவுக்குப் பின்னாடி. அங்கதான் இருக்கும். அதை மாத்த மாட்டேன்."

"அது உன் வீடு. நான் ஏன் கேக்கறேன்?" அலமாரியைத் திறந்து, நில் என்று எழுதிய சிவப்புப் பலகையை எடுத்து அவனிடம் நீட்டினாள். "எட்டு மணிக்கு முன்னால வந்துடு. தாமதமா வந்தா எனக்குப் பிடிக்காது."

டெல்மர் அதைத் தண்டவாளத்துச் சிவப்பு விளக்கைப் பிடிப்பது போலப் பிடித்தான். லாரிக்காரர்களைத் திட்டினான். ஷெரிஃபின் வண்டியையே ஒருமுறை நிறுத்தி, "வெர்ன், கண்ணு முகத்துலதான இருக்கு?" என்று கேட்டான். பிள்ளைகள் பயம் தெளியக் கிறிஸ்துமஸ் வரை ஆயிற்று. அதன்பிறகு அவனுக்குப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவனும் பதிலுக்கு வைத்தான். பல ஞாயிறுகளில் ஆர்டிஸ் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டாள். ஓரினும் டெல்மரும் சீட்டு விளையாடி, இருவரும் ஏமாற்றினார்கள்.

அடுத்த சட்டசபைக் கூட்டத்துக்கு ஓரின் இன்னொரு மசோதா கொண்டுபோனார். சட்டம் அப்படியே இருக்கட்டும், பள்ளிக்கூட வேலியை ஒட்டிய நடைபாதையை மட்டும் அந்தந்த ஊரே முடிவு செய்துகொள்ளட்டும் என்று. அதே குழு, அதே தலைவர்.

"உங்க மனைவி வரலையா?" என்று கேட்டார் தலைவர்.

"இந்தத் தடவை அவ என் பக்கம். அதனால அவ்வளவு தூரம் வரத் தேவையில்லன்னுட்டா."

சிரித்தார்கள், ஆனால் ஓட்டுப் போடவில்லை. "வேலியில ஆரம்பிச்சா எங்க போய் முடியும்?" என்றார் ஒருவர். போன முறை இதே அறையில் ஆர்டிஸுக்குப் பதில் சொல்லும்போது ஓரினே சொன்ன வார்த்தை அது. மசோதா குழுவிலேயே மடிந்தது. ஓரினுக்கு வருத்தம் இருந்தது, மனம் கசக்கவில்லை. மறுபடி தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டார். இந்த முறை அதைச் சத்தமாகவே சொன்னார்.

காபிக்கடையில் ஒருவர் சீண்டிப் பார்த்தார். "அப்ப உன் சட்டம் தப்புன்னு ஒத்துக்கறியா?"

"இல்லையே. பென்ரூட் எங்க இருக்குன்னு வாஷிங்டனுக்கு இன்னும் தெரியாது. நம்ம தெருவுல போறவனை அவங்க குற்றவாளின்னு சொல்லக் கூடாது. அது அன்னைக்கும் சரி, இன்னைக்கும் சரி. ஆர்டிஸ் சொன்னதைக் காதுல வாங்கியிருந்தா இன்னொரு வரி சேர்த்திருப்பேன், அவ்வளவுதான்." பிறகு யோசித்து, "இதை அவகிட்டப் போய்ச் சொல்லாத" என்றார். சாயங்காலத்துக்குள் அவளிடம் மூன்று பேர் சொல்லியிருந்தார்கள்.

அந்த வருஷம் மழை பெய்ய வேண்டிய நேரத்தில் பெய்தது. ஆலங்கட்டி பக்கத்து மாவட்டத்தோடு போய்விட்டது. அறுவடை சீக்கிரம் முடிந்து, பள்ளி திறக்கக் கொஞ்சம் நாள் இருந்தது. ஓரின் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. ஆர்டிஸ் அவரை வண்டியில் ஏற்றி மலைகளைத் தாண்டி ஓரிகன் கரைக்குக் கூட்டிப்போனாள்.

பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு ஓரின் அலைக்குள் இறங்கினார். ஆகஸ்டிலும் அந்தத் தண்ணீர் ஐஸாகத்தான் இருந்தது. "ஆர்டிஸ்! கால் செத்துப்போச்சு!" என்று கத்தினார். கரையில் நின்றிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆர்டிஸ் மணலில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவரோ வெளியே வருவதாக இல்லை. அடுத்த அலை தூரத்தில் எழும்புவதைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் உள்ளே போனார்.